12345678987654321: டோம்பிவிலிப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பையை ஒட்டிய டோம்பிவிலி கிழக்கில், எங்கள் வீட்டு ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகள் கணக்குப் போட வருவார்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் பலகையில் ஒரே ஓர் எண்ணை எழுதிக் காட்டுவது என் வழக்கம்: 12345678987654321. அன்றைக்கு ராத்திரியே வாட்ஸாப்பில் சந்தேகங்கள் வந்துவிடும். பிள்ளைகளைவிட அப்பா அம்மாக்கள்தான் அதிகம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். எளியதில் தொடங்கிப் போகப்போகக் கொஞ்சம் கடினமாகும்.

டீச்சர், பாலிண்ட்ரோம்னா என்ன? தமிழ்ல அதுக்குப் பேர் இருக்கா?

முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருப்பது பாலிண்ட்ரோம். சொல்லில் 'விகடகவி', 'தேரு வருதே'. எண்ணில் 121, 4884. ஒரே இலக்கம் உள்ள 7-கூட அந்தக் கணக்கில் சேரும்.

தமிழில் இதற்கு 'மாலைமாற்று' என்று பழைய பெயரே உண்டு. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே சீகாழியைப் பற்றி ஒரு முழுப் பதிகத்தை இப்படிப் பாடியிருக்கிறார். அது செய்யுளுக்கு வைத்த பெயர்தான், ஆனால் எண்ணுக்கும் பொருந்துகிறது. நான் வகுப்பில் மாலைமாற்று எண் என்றே சொல்கிறேன்.

இவ்ளோ பெரிய நம்பரை எப்படி வாசிக்கிறது?

மொத்தம் 17 இலக்கம். நம் ஊர் முறையில் காற்புள்ளி வைத்தால் 12,34,56,78,98,76,54,321 என்று வரும். 12,345 லட்சம் கோடிக்குக் கொஞ்சம் மேலே. இத்தனை நொடிகளை ஆண்டாக மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 39 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியதற்கே முந்தைய காலம் அது.

இது சும்மா அழகுக்கு எழுதின நம்பரா, இல்ல எங்கிருந்தாவது வருதா?

ஒன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதி, அதை அதாலேயே பெருக்கினால் இது வரும். 111111111 × 111111111. சின்னதில் தொடங்கிப் பாருங்கள்: 11 × 11 = 121, 111 × 111 = 12321, 1111 × 1111 = 1234321. ஒரு ஒன்று கூடக் கூட நடுவில் இருக்கும் இலக்கம் ஒன்று ஏறும்.

ஏன் என்று புரிய, கட்டம் போட்ட நோட்டில் பழைய முறையிலேயே பெருக்கிப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு கட்டத்துக்கு ஒரு ஒன்று என்று பென்சிலால் எழுதினாள். ஒன்பது வரி, ஒவ்வொரு வரியும் மேல் வரியைவிட ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளி நிற்கும். எழுதி முடித்து வலப்பக்கக் கடைசியிலிருந்து பத்தி பத்தியாகக் கூட்டத் தொடங்கினாள். முதல் பத்தியில் ஒரே ஒரு ஒன்று, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று. நடுப் பத்தியில் ஒன்பது. அப்புறம் எட்டு, ஏழு என்று இறங்கி, கடைசியில் மறுபடி ஒன்று. எந்தப் பத்தியும் ஒன்பதைத் தாண்டவில்லை. அதனால் பக்கத்துப் பத்திக்கு எதையும் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. பள்ளியில் 'கேரி' என்கிறார்களே, அது ஓர் இடத்தில்கூட வரவில்லை.

அவள் பாட்டி வாசலில் கோலம் போடுகிறவர். நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒம்போது புள்ளி, ஒண்ணு வரைக்கும், இடுக்குப் புள்ளி" என்றார். நடுவரிசையில் ஒன்பது புள்ளி. மேலேயும் கீழேயும் எட்டு, ஏழு என்று குறைந்து ஒன்றில் முடியும். நான் வருஷக்கணக்காகத் தேடிய விளக்கம் அது. அந்தக் கோலத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒன்பதுக்கு ஒன்பது சதுரம். இந்த எண்ணும் மூலையிலிருந்து பார்க்கப்பட்ட ஒரு சதுரம்தான். சதுரத்தை எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால்தான் எண்ணும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்தக் கோலமே பதில்.

அப்போ பத்து ஒன்னு போட்டா இன்னும் பெரிய மாலைமாற்று வருமா?

வராது. 1111111111-ஐ அதாலேயே பெருக்கினால் 1234567900987654321. இதைத் திருப்பி எழுதிப் பாருங்கள், பொருந்தாது. நடுப் பத்தியின் கூட்டுத்தொகை இப்போது 10. ஆகவே 0 போட்டு 1-ஐ இடப்பக்கம் கொண்டுபோகிறோம். அங்கே ஏற்கெனவே 9 இருக்கிறது, அதுவும் 10 ஆகிவிடும். மறுபடி 0, மறுபடி 1. அதற்கு அடுத்த 8, 9 ஆகிறது. கேரி எப்போதும் இடப்பக்கம் மட்டுமே போகும். வலப்பாதி அப்படியே நிற்க, இடப்பாதி மட்டும் கலைந்துபோகிறது.

கோலம் கலையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பத்துப் புள்ளியிலும் அது சதுரம்தான். பத்தை ஒரே இலக்கமாக எழுத நம்மிடம் குறி இல்லை, அவ்வளவுதான். நாம் பத்துப் பத்தாக எண்ணி எழுதுவது 10 அடிமானம். கணினிக்காரர்கள் பயன்படுத்தும், பதினாறு பதினாறாக எண்ணும் 16 அடிமானத்தில் 15 வரைக்கும் தனிக் குறிகள் உண்டு. அங்கே பதினைந்து ஒன்றுகள் வரை இந்த அழகு தாங்கும்.

டோம்பிவிலிக்கும் இந்த நம்பருக்கும் சம்பந்தம் இருக்குன்னு பையன் வந்து சொல்றான். நிஜமா?

நிஜம்தான். நான் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அது. தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் 1905-ல் தஹாணுவில் பிறந்தவர், நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்த வகை எண்களை அவர் 'டெம்லோ எண்கள்' என்று அழைத்தார். அன்றைய ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேயில், பம்பாயிலிருந்து 30 மைலில் இருந்த ஒரு நிலையத்தில் அவருக்கு இந்த யோசனை வந்தது. அந்த நிலையத்தின் பெயரையே எண்களுக்கு வைத்துவிட்டார். நாம் தினமும் லோக்கல் பிடிக்கும் டோம்பிவிலிதான் அந்த டெம்லோ. 1, 121, 12321 என்று தொடங்கும் வரிசையை 'அற்புத டெம்லோ எண்கள்' என்றார்.

6174 என்ற எண்ணுக்குப் புகழ் தேடித் தந்தவரும் இவர்தான். அதை அவர் அறிவித்தது 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். பெரிய பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே இத்தனையும் செய்த மனிதர். நம் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மாலைமாற்று எண் எல்லாமே 11-ஆல வகுபடும்னு கோச்சிங்ல சொன்னாங்க. இது வகுபடலையே?

இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் மட்டுமே அது உறுதி. 1331, 4884, 698896 எல்லாம் 11-ஆல் வகுபடும். 10 என்பது 11-க்கு ஒன்று குறைவு. அதனால் 1, 10, 100, 1000 என்ற இடமதிப்புகள் 11-ஐப் பொறுத்தவரை கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று மாறி மாறி நடந்துகொள்கின்றன. இரட்டைப்படை நீளமுள்ள மாலைமாற்றில், ஒன்றுக்கொன்று ஜோடியான இரண்டு இலக்கங்களும் எப்போதும் எதிரெதிர்க் குறியில் விழும். அடித்துக்கொண்டு பூஜ்யம் ஆகிவிடும்.

நம் எண்ணுக்கு 17 இலக்கம், ஒற்றைப்படை. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 1+3+5+7+9+7+5+3+1 = 41, மற்றவை 2+4+6+8+8+6+4+2 = 40. வித்தியாசம் 1. ஆகவே 11-ஆல் வகுத்தால் மீதி 1.

இது பகா எண்ணா?

இல்லை. ஓர் எண்ணை அதாலேயே பெருக்கி வந்தது எப்படிப் பகா எண்ணாகும்? முழுதாகப் பிரிப்பதும் எளிது. 111111111 = 111 × 1001001. இதில் 111 = 3 × 37. 1001001 = 3 × 333667. இந்த 333667 பகா எண், அதற்கு மேல் உடையாது. ஆகவே நம் எண்ணில் 3 நான்கு முறையும், 37 இரண்டு முறையும், 333667 இரண்டு முறையும் இருக்கின்றன.

இதிலிருந்து வகுத்திகளின் எண்ணிக்கை 5 × 3 × 3 = 45. வர்க்க எண்ணுக்கு மட்டுமே இது ஒற்றைப்படையாக வரும். மற்ற வகுத்திகள் ஜோடி ஜோடியாக நிற்க, 111111111 மட்டும் தனக்குத் தானே ஜோடி. அப்புறம், 111 × 111 = 12321, 1001001 × 1001001 = 1002003002001. நம் எண் இந்த இரண்டின் பெருக்கற்பலன். ஒரு பெரிய மாலைக்குள் இரண்டு சின்ன மாலைகள்!

இலக்கங்களைக் கூட்டினா 81 வருதே, அதுல ஏதாவது விசேஷம் உண்டா?

உண்டு. 81 என்பது கோலத்தின் மொத்தப் புள்ளி. ஒன்பதுக்கு ஒன்பது சதுரத்தில் வேறென்ன வரும்? 111111111-ன் இலக்கக் கூட்டல் 9. அதன் வர்க்கத்தின் இலக்கக் கூட்டல் 9-ன் வர்க்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் எண் 81-ஆல் மிச்சமின்றி வகுபடும். 3 நான்கு முறை உள்ளே இருப்பதை மேலே பார்த்தோம். தன் இலக்கக் கூட்டலால் தானே வகுபடும் எண்களுக்கு 'ஹர்ஷத்' என்று பெயர் வைத்தவரும் காப்ரேகர்தான். மகிழ்ச்சி தருவது என்று வடமொழியில் பொருள். வகுத்தால் கிடைப்பது 152415789971041. அது 12345679-ன் வர்க்கம்.

அந்த 12345679-ல 8 எங்க போச்சு? எழுத்துப் பிழையா?

பிழை இல்லை. 111111111-ஐ 9-ஆல் வகுத்தால் 12345679 வரும், அதில் 8 கிடையாது. கையால் வகுத்துப் பாருங்கள். 11-ல் ஒரு தடவை, மீதி 2. 21-ல் இரண்டு தடவை, மீதி 3. 31-ல் மூன்று, மீதி 4. இப்படியே போய் 71-ல் ஏழு தடவை, மீதி 8. அடுத்தது 81. வரிசைப்படி எட்டு தடவை என்று எதிர்பார்ப்போம், ஆனால் 81-ல் ஒன்பது சரியாக ஒன்பது தடவை போகிறது. மீதி பூஜ்யம். எட்டுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

பத்து ஒன்றுகளின் வர்க்கத்திலும் 7-க்கு அடுத்து நேராக 9 வந்ததே, அங்கே எட்டை விழுங்கியது கேரி.

எக்செல்ல இந்த நம்பரை அடிச்சா கடைசி ரெண்டு இலக்கம் பூஜ்யம் ஆயிடுது. என் லேப்டாப்ல கோளாறா?

லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது. எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். நம்முடையது 17. அதனால் 12345678987654300 என்று நிற்கிறது. செல்லை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அடித்தால் முழுசாகத் தெரியும், ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடும்போது பழையபடி இலக்கம் போய்விடும்.

ஐ.டி. வேலையில் இருக்கும் அப்பா ஒருவர் ஜாவாஸ்கிரிப்டில் போட்டுப் பார்த்துவிட்டு 12345678987654320 வருகிறதே என்று கேட்டார். அங்கே சாதாரண எண்கள் முழு எண்களைப் பிசகாமல் காப்பது ஏறக்குறைய 9,007 லட்சம் கோடி வரைதான். துல்லியமாக, 2-ஐ 53 முறை பெருக்கினால் வரும் 9007199254740992. அதற்கு மேலே அதே அளவு தூரத்துக்கு இரட்டைப்படை எண்கள் மட்டுமே சரியாக நிற்கும். நம் எண் அந்த எல்லையைத் தாண்டியது, ஒற்றைப்படை வேறு. பக்கத்து இரட்டைப்படையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பைத்தானில் முழு எண்ணாக அடித்தால் ஓர் இலக்கம்கூடப் பிசகாது. பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்கிறேன்.

17 இலக்கத்துல இந்த மாதிரி எத்தனை இருக்கும்? இதுக்கு அடுத்தது எது?

முதல் ஒன்பது இலக்கத்தை எழுதினால் போதும், மீதி எட்டும் தானாக அமையும். ஒன்பது இலக்க எண்கள் மொத்தம் 90 கோடி. ஆகவே 17 இலக்க மாலைமாற்று எண்களும் 90 கோடி. அந்த வரிசையில் நம் எண்ணுக்கு 2,34,56,790-ஆவது இடம்.

அடுத்ததைக் கண்டுபிடிக்க 123456789-ஐ ஒன்று கூட்டி 123456790 ஆக்கித் திருப்புங்கள்: 12345679097654321. நம் எண்ணுக்கும் இதற்கும் இடைவெளி 11 கோடி. முந்தையது 12345678887654321, அது 10 கோடி பின்னால். 90 கோடி என்று கேட்டால் கூட்டமாகத் தோன்றும், ஆனால் நடுவில் இவ்வளவு வெட்டவெளி.

எந்த நம்பரையும் திருப்பிக் கூட்டிக்கிட்டே போனா மாலைமாற்று வந்துடுமாமே?

பெரும்பாலும் வரும். 87 + 78 = 165. 165 + 561 = 726. 726 + 627 = 1353. 1353 + 3531 = 4884. நாலு படியில் வந்துவிட்டது. 89-ஐ எடுத்தால் 24 படி போய் 8813200023188 என்று நிற்கும். விடுமுறை நாளில் ஒரு முழுத் தாளில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு படியில் தப்பினால் எல்லாம் போச்சு.

ஆனால் 196? கணினியில் கோடிக்கணக்கான இலக்கம் வரை ஓட்டியும் இதுவரை வரவில்லை. வரவே வராது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. நம் எண்ணையே திருப்பிக் கூட்டினால் இரட்டிப்புதான்: 24691357975308642. அது மாலைமாற்று இல்லை, கேரி புகுந்துவிட்டது.

02-02-2020 மாதிரி தேதியும் இதுல சேருமா?

எழுத்தாகச் சேரும், எண்ணாகச் சேராது. எண்ணில் முதலில் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. அதனாலேயே பூஜ்யத்தில் முடியும் எண் எதுவும் மாலைமாற்று ஆகாது. 22-02-2022 இரண்டு வகையிலும் சரி. அடுத்த தேதி 03-02-2030.

மாலைமாற்று வர்க்கம் வேணும்னா ஒன்னு ஒன்னா எழுதினாதான் வருமா?

இல்லை. 22-ன் வர்க்கம் 484. 264-ன் வர்க்கம் 69696. இங்கே மூல எண் மாலைமாற்றே இல்லை. 26-ன் வர்க்கம் 676-ம் அப்படித்தான். எனக்கு மிகப் பிடித்தது 836-ன் வர்க்கம் 698896. ஆறு இலக்கம், இரட்டைப்படை. மேலே சொன்னபடி 11-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். வர்க்கம் என்பதால் 11 ஒரு முறை மட்டும் இருக்க முடியாது, ஜோடியாகத்தான் இருக்கும். ஆகவே 836-லேயே 11 இருக்க வேண்டும். பாருங்கள், 836 = 11 × 76.

அப்போ பெரிய மாலைமாற்று பகா எண்ணே கிடையாதா?

நிறைய இருக்கின்றன. இரட்டைப்படை நீளத்தில் மட்டும் 11-ஐத் தவிர வேறு கிடையாது, காரணம் மேலே உள்ளதே. ஒற்றைப்படை நீளத்தில் 101, 131 என்று தொடங்கிப் போகும். பெரியவற்றில் பெயர் பெற்ற ஒன்று: முதலில் 1, பதின்மூன்று பூஜ்யம், 666, மறுபடி பதின்மூன்று பூஜ்யம், கடைசியில் 1. மொத்தம் 31 இலக்கம். 13-ஐத் திருப்பினால் 31! இதைக் கண்டுபிடித்தவர் ஹார்வி டப்னர். 'பெல்ஃபெகோர் பகா எண்' என்று பெயர் வைத்தவர் கிளிஃபர்ட் பிக்கோவர்; மேல்நாட்டுக் கதைகளில் வரும் ஒரு பேயின் பெயர் அது.

எந்த எண்ணையும் மாலைமாற்று எண்களாப் பிரிக்க முடியுமா?

முடியும். மூன்று போதும். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் மூன்று மாலைமாற்று எண்களின் கூட்டலாக எழுதலாம் என்று சில்லெருவேலோ, லூக்கா, பாக்ஸ்டர் ஆகிய மூவரும் நிரூபித்த கட்டுரை 2018-ல் வெளிவந்தது. 2025 = 2002 + 22 + 1. இரண்டு மட்டும் போதுமா என்றால் போதாது. 21-ஐ எடுத்துக்கொண்டு முயன்று பாருங்கள், 11 + 9 + 1 என்று மூன்றுதான் வேண்டும்.

வேற அடிமானத்துல எழுதினா இந்த அழகு போயிடும்ல? அப்போ இது எண்ணோட குணமா, எழுதுற முறையோட குணமா?

பத்தாம் வகுப்பு முடித்த பையன் கேட்டது. மாலைமாற்று என்பது எழுதும் முறையைப் பொறுத்தது. 10 நமக்கு மாலைமாற்று இல்லை. 9 அடிமானத்தில் அதையே 11 என்று எழுதுவோம், அங்கே மாலைமாற்று. சொல்லப்போனால் 3-லிருந்து எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று குறைந்த அடிமானத்தில் 11 என்றே எழுதப்படும். ஆனால் வர்க்கமாக இருப்பது, 45 வகுத்திகள் இருப்பது, 333667 உள்ளே இருப்பது இவையெல்லாம் எண்ணின் சொந்தக் குணம். எந்த எழுத்தில் எழுதினாலும் மாறாது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. பத்தோ அதற்கு மேலோ எந்த அடிமானத்தை எடுத்தாலும் சரி, ஒன்பது ஒன்றுகளை எழுதி அதாலேயே பெருக்கினால் விடை 12345678987654321 என்றுதான் தெரியும். மதிப்பு வேறாக இருக்கும், தோற்றம் இதுவே. அந்தப் பையனுக்கு நான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே நோட்டை எடுத்து 12 அடிமானத்தில் முதல் வரியை எழுத ஆரம்பித்துவிட்டான். ஒன்பது வரி, ஒவ்வொன்றும் ஒரு கட்டம் தள்ளி.